மொகஞ்சதாரோ நடன மங்கை: பத்தரை சென்டிமீட்டர் சிலைக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

கேட்டது மூணு விஷயம். டெல்லி தேசிய அருங்காட்சியகத்துல இருக்குற அந்த மொகஞ்சதாரோ வெண்கலச் சிலை இவ்ளோ குட்டியா இருக்கு, அதுக்குப் போய் ஸ்கூல் புக்ல ஆரம்பிச்சு கோர்ட் வரைக்கும் ஏன் இவ்ளோ அலப்பறை? அவ நிஜமாவே டான்ஸ்தான் ஆடுறாளா? அப்புறம் வழக்கம்போல, அவ நம்ம தமிழ்ப் பொண்ணா? ஒண்ணொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சைஸ்ல ஆரம்பிப்போம். உயரம் 10.5 செ.மீ, அகலம் 5 செ.மீ, கனம் 2.5 செ.மீ, அவ்ளோதான். உங்க கையில இருக்குற செல்ஃபோனை விட சின்னது. பாடப்புத்தகத்துல தனியா ஒரு படமா பெருசா போட்டுடுறாங்களா, அதைப் பாத்து வளர்ந்தவங்க ஜன்பத் ரோட்டுல இருக்குற மியூசியத்துக்குப் போய் ஹரப்பா கேலரியில நுழைஞ்சதும் ஆளுயரத்துக்கு ஏதோ நிக்கும்னு தேடிட்டு, கண்ணாடிக்குள்ள இருக்குறதைக் கவனிக்காமலே தாண்டிப் போயிடுறாங்க. கவனிச்சவங்களும் "இதுவா அது"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. ஆனா இந்த ஏமாற்றம் ஒரு அஞ்சு நிமிஷம்தான், நின்னு பாத்தா மாறிடும், ஏன்னா சின்னதா இருக்குறதுதான் இதோட கெத்தே, விரல் நீள முகத்துல கூட இல்ல, விரல் நுனி அளவு முகத்துல ஒருத்தன் அலட்சியத்தைக் கொண்டு வந்திருக்கான், அதுவும் கி.மு. 2500 வாக்குல.

சரி, சிலையில என்னதான் இருக்கு? வலது கை இடுப்புல. இடது கை தொங்கி வந்து தொடை மேல, முட்டிக்கிட்ட நிக்குது, அந்தக் கால் லேசா மடங்கி முன்னாடி வந்திருக்கு. தலை கொஞ்சம் பின்னாடி சாஞ்சு தாடை மேல தூக்கியிருக்கு. பெரிய கண்ணு, பாதி மூடுன மாதிரி, தட்டை மூக்கு, தடிச்ச உதடு. முடியை முறுக்கிச் சுத்தி கொண்டையா போட்டு வலது தோள் பக்கம் தழைய விட்டிருக்காங்க. கழுத்துல ஒரு மாலை, அதுல மூணு பெரிய பதக்கம். துணி எதுவும் கிடையாது. இடது கையில தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் முழுக்க வளையல், சில புக்ல 24ன்னு இருக்கும் சிலதுல 25ன்னு இருக்கும், எண்ணுறவங்களைப் பொறுத்தது. வலது கையில நாலே நாலு, முழங்கைக்கு மேல ரெண்டு, மணிக்கட்டுல ரெண்டு. பாதம் ரெண்டும் உடைஞ்சு போச்சு, கணுக்கால் பக்கத்தோட நிக்குது. கையும் காலும் உடம்புக்குக் கொஞ்சம் அதிக நீளம், குச்சி குச்சியா இருக்கும், அளவு பாத்தா தப்புதான், ஆனா அந்தத் தப்புதான் அந்த நிலைக்கு உயிரே.

சிந்து சமவெளியில பொம்மைக்குப் பஞ்சமே இல்ல, சுடுமண் பெண் உருவங்கள் ஏகப்பட்டது கிடைச்சிருக்கு. அதெல்லாம் பெரும்பாலும் எப்படி இருக்கும்னா, களிமண்ணைக் கிள்ளி மூக்கு, ரெண்டு வில்லையை ஒட்டி கண்ணு, விசிறி மாதிரி தலை அலங்காரம், குட்டைப் பாவாடை, இடுப்புப் பட்டை, அச்சு வச்ச மாதிரி நேரா நிக்கும். அதுல யாரோட முகமும் கிடையாது. அதுக்குப் பக்கத்துல இவளை வச்சுப் பாருங்க, பாவாடையும் இல்ல, விசிறித் தலையும் இல்ல, நேராவும் நிக்கல. செஞ்சவன் ஒரு நிஜப் பொண்ணு இப்படி நிக்குறதை நேர்ல பாத்திருக்கான்னுதான் எனக்குத் தோணுது. இதுக்கு ஆதாரம் கேட்டா என்கிட்ட கிடையாது, பாத்துப் பாத்து வந்த எண்ணம்தான்.

இப்ப டான்ஸ் மேட்டர். 'நடன மங்கை'ங்குற பேரை வச்சது அப்ப தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநரா இருந்த சர் ஜான் மார்ஷல். கையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு திமிரோட நிக்குறா, காலால தாளம் போடுறான்னு அவருக்குப் பட்டுச்சு. 1920கள்ல இந்தியாவுல இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு, உடம்புல நகை மட்டும் போட்டு ஒயிலா நிக்குற பொண்ணுன்னா உடனே ஞாபகத்துக்கு வர்றது ஆட்டக்காரிதான், அதைத் தாண்டி அதுல வேற ஆராய்ச்சி இல்ல. கூட மத்தளம் கிடைச்சுதா, கோயில் கிடைச்சுதா, மேடை கிடைச்சுதா, எதுவும் இல்ல. பாதமே இல்லாத சிலையில தாளம் போடுதுன்னு சொல்றதும் கொஞ்சம் ஓவர்தான். இடது கை விரலெல்லாம் மடங்கி நடுவுல ஓட்டை மாதிரி இருக்கு, அதாவது எதையோ பிடிச்சிருந்திருக்கா, அது தொலைஞ்சு போச்சு. கிண்ணமா, கோலா, விளக்கா, அது தெரிஞ்சா கதையே மாறிடும். பூசைக்கு எதையாவது கொண்டு போற பொண்ணா இருக்கலாம்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க.

மொகஞ்சதாரோவுலயே இன்னொரு வெண்கலப் பெண்ணும் கிடைச்சிருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. 1930-31 வாக்குல எர்னஸ்ட் மக்கேங்குற தொல்லியலாளர் அந்த ஊர்ல டிகேன்னு பேர் வச்ச பகுதியில தோண்டும்போது வந்தது, இவளை விட கொஞ்சம் உயரம், 13 செ.மீ சொச்சம், அதே மாதிரி இடுப்புல கை, அதே மாதிரி வளையல். வேலைப்பாடு இந்த அளவுக்கு இல்ல, அரிச்சும் போயிருக்கு, அது பாகிஸ்தான்ல இருக்கு. ரெண்டு சிலையில ஒரே நிலை. அப்புறம் ஹரியானாவுல பிர்ரானான்னு ஒரு இடத்துல 2000களோட தொடக்கத்துல நடந்த அகழாய்வுல, ஒரு சிவப்புப் பானை ஓட்டுல கீறல் கோடா இதே நிலையில ஒரு பொண்ணு. மொகஞ்சதாரோவுக்கும் அதுக்கும் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தூரம். அப்படின்னா இந்த நிலைக்கு அந்த ஊர்க்காரங்களுக்கு ஏதோ அர்த்தம் இருந்திருக்கு, பாத்ததும் "ஓ இது இன்னது"ன்னு புரிஞ்சிருக்கும், நமக்குத்தான் புரியல. டான்ஸாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

என்னைக் கேட்டா இதுல உண்மையான சுவாரஸ்யம் உலோக வேலையிலதான் இருக்கு, அதை யாரும் பேசுறதே இல்ல. இது வார்ப்புச் சிலை, மெழுகு அச்சு முறை. முதல்ல மெழுகுல முழு உருவத்தையும் செய்யணும், மூக்கு வளையல் கொண்டை எல்லாத்தோடயும். அது மேல நைசான களிமண் குழம்பைப் பூசி, காயவிட்டு, இன்னும் கெட்டியான மண்ணை அடுக்கடுக்கா அப்பி, ஒரு பக்கம் ஓட்டை விட்டுச் சூடு பண்ணுனா உள்ள இருக்குற மெழுகு உருகி வெளிய வந்துடும், மெழுகு இருந்த இடம் வெற்றிடமா நிக்கும். அதுல உருக்குன உலோகத்தை ஊத்தி, ஆறுனதும் மண்ணை உடைச்சா சிலை. அச்சும் போச்சு, மெழுகும் போச்சு, அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், சொதப்புனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இன்னைக்கும் கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவம் செஞ்சு, காவிரி வண்டல் மண்ணைப் பூசி ஐம்பொன் வார்க்குறது இதே அடிப்படைதான். உடனே "அப்ப மொகஞ்சதாரோவுல இருந்து நேரா சுவாமிமலை"ன்னு கோடு இழுத்துடாதீங்க, நடுவுல மூவாயிரம் வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கு, அந்த முறை உலகத்துல பல இடத்துல இருந்திருக்கு.

எவ்ளோ பழசுன்னா, பலூசிஸ்தான்ல மெஹர்கர்னு ஒரு ஊர், அங்க கிடைச்ச சக்கர வடிவக் குட்டித் தாயத்து ஒண்ணு, சுத்தமான செம்பு, ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், அது சுமார் 6000 வருஷம் பழசு, அதுவே மெழுகு முறையில வார்த்ததுன்னு 2016ல பிரெஞ்சு விஞ்ஞானிகள் உறுதி பண்ணாங்க. இஸ்ரேல்ல யூதேயப் பாலைவனக் குகை ஒண்ணுல 1961ல நாகல் மிஷ்மார் புதையல்னு 400க்கு மேல பொருள் கிடைச்சுது, அதுலயும் நிறைய இதே முறைதான். அதனால நம்ம பொண்ணு வர்றப்ப இந்தத் தொழில்நுட்பத்துக்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசு ஆயிடுச்சு. "உலகத்தின் முதல் வார்ப்புச் சிலை"ன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க, அந்தப் பட்டம் இல்லாமலே அவளுக்குப் போதுமான மரியாதை இருக்கு.

வெண்கலம்னா செம்போட தகரம் அதாவது வெள்ளீயம் சேர்க்கணும். சுத்தச் செம்பு உருக 1085 டிகிரி வேணும், அதோட ஊத்தும்போது காத்தை உள்ள இழுத்துக்கும், குமிழ் விழும், மூக்கு நுனி மாதிரி நுணுக்கமான இடத்துல சரியா ஓடாது. வெள்ளீயம் சேர்ந்தா உருகுற வெப்பம் குறையும், நல்லா ஓடும், கடினமாவும் இருக்கும். ஆனா சிந்துல வெள்ளீயமும் கிடையாது, செம்பும் கிடையாது, ரெண்டுமே வெளிய இருந்து வரணும். செம்பு ராஜஸ்தான்ல கேத்ரி பக்கத்துல இருந்து வந்திருக்கும், கடல் தாண்டி ஓமன்ல இருந்தும் வந்திருக்கு. வெள்ளீயத்துக்கு ஆப்கானிஸ்தான் பக்கம்தான் கை காட்டுறாங்க. இந்த நாகரிகத்துல கிடைச்ச உலோகப் பொருட்களை ஆய்வு பண்ணிப் பாத்தா பெரும்பாலானது வெள்ளீயம் கலக்காத செம்புதான், அதாவது வெண்கலம் அவ்ளோ சுலபமா கிடைக்குற சரக்கு இல்ல. அப்படிப்பட்ட சரக்கை எடுத்து கோடாரி செய்யாம, ஈட்டி செய்யாம, இடுப்புல கை வச்சு நிக்குற ஒரு பொண்ணைச் செஞ்சிருக்காங்க. யாரோ இதுக்கு செலவு பண்ணியிருக்காங்க, யாரோ ஒருத்தருக்கு இது வேணும்னு இருந்திருக்கு.

அந்தக் கை கால் ஏன் குச்சி மாதிரி நீளமா இருக்குன்னு யோசிச்சா, மெழுகைக் கையில உருட்டித் திரிச்சு ஒட்டுனா அப்படித்தான் வரும்னு எனக்கு ஒரு கணக்கு. வளையலும் அதே மாதிரிதான், மெல்லிசா மெழுகுத் திரி உருட்டிக் கையில சுத்தியிருந்தா அந்த வரி வரியான அமைப்பு தானா வந்துடும். கல்லுல செதுக்குறவனுக்கு இந்த வசதி இல்ல, கையை உடம்பை விட்டுத் தள்ளி அந்தரத்துல நிறுத்தணும்னா கல்லு உடையும். இவளோட வலது கைக்கும் இடுப்புக்கும் நடுவுல ஒரு முக்கோண இடைவெளி இருக்கே, அது உலோகத்துனால மட்டும் சாத்தியமான இடைவெளி. மெழுகுல யோசிக்கத் தெரிஞ்ச ஒருத்தனோட வேலை.

வளையலைப் பத்தியும் சொல்லணும். அலங்காரத்துக்கு சும்மா போட்டதுன்னு நினைக்காதீங்க. ஹரப்பா இடுகாட்டுல பெண்களோட எலும்புக்கூட்டுல இடது கையில சங்கு வளையல் வரிசையா இருந்திருக்கு, அதே இடது கை. சங்குன்னா நம்ம மன்னார் வளைகுடாவுல குளிச்சு எடுக்குறோமே அதே இனம், ஆனா அவங்களுக்கு அது குஜராத் கரையில இருந்தும் இன்னைக்கு கராச்சி இருக்குற கரைப் பக்கம் இருந்தும் கிடைச்சுது, குஜராத்ல நாகேஷ்வர்னு ஒரு இடம் முழுக்க சங்கு அறுக்குற பட்டறையாவே இருந்திருக்கு. இப்பவும் தார் பாலைவனம், கட்ச் பக்கம் போனா வயசான அம்மாக்கள் தோள் வரைக்கும் வெள்ளை வளையல் அடுக்கியிருக்குறதைப் பாக்கலாம், முன்ன சங்கு தந்தம், இப்ப பிளாஸ்டிக். அதுதான் இதுன்னு நிரூபிக்க முடியாது, ஆனா பாத்தா மனசு தானா அங்க போகும். அப்புறம் ஒண்ணு, முழங்கை தாண்டி வளையல் மாட்டிக்கிட்டு மாவாட்டவோ தண்ணி தூக்கவோ கஷ்டம், வேலை செய்யுற கையை காலியா விட்டிருக்காங்க, வலது கையில நாலுதான். சிலையைச் செஞ்சவன் இதையும் விடல.

கிடைச்ச இடம் பத்தி சுருக்கமா. 1926, மொகஞ்சதாரோ, இன்னைக்குப் பாகிஸ்தான் சிந்து மாகாணம் லார்கானா மாவட்டம். ஊரோட கீழ்ப்பகுதியில ஹெச்ஆர்னு பேர் வச்ச ஏரியா, ஹார்கிரீவ்ஸ்னு ஒரு அதிகாரி பேர்ல. எடுத்தது எர்னஸ்ட் மக்கேன்னு சில புக்ல, தயாராம் சாஹ்னின்னு சில புக்ல, ரெண்டையும் பாப்பீங்க, குழம்ப வேணாம், அப்ப அங்க பல பேர் பல ஏரியாவுல ஒரே நேரத்துல ஆள் வச்சுத் தோண்டிக்கிட்டு இருந்தாங்க. முக்கியமானது என்னன்னா ஒரு சாதாரண வீட்டுப் பகுதியில கிடைச்சுது, மேட்டுல இருந்த பெரிய கட்டடங்கள்ல இல்ல, கோயில்னு சொல்லக்கூடிய எதுலயும் இல்ல. அந்தக் காலத்துல மண் அடுக்கு பாத்துப் பதிவு பண்ற பழக்கம் சரியா வரல, ஆழத்தை அளந்து எழுதிட்டு அடுத்த குழிக்குப் போயிடுவாங்க, பின்னாடி தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநரா வந்த மார்ட்டிமர் வீலர் இதுக்காகவே அவங்களைத் திட்டித் தீர்த்தார். அதனாலதான் வயசு சொல்றப்ப "வாக்குல" போட வேண்டியிருக்கு, கி.மு. 2600ல இருந்து 1900 வரைக்கும் அந்த நகரங்கள் செழிப்பா இருந்த காலம், அதுக்குள்ள எங்கயோ.

அந்த வீலருக்கு இவளை ரொம்பப் பிடிக்கும். 1973ல ஒரு டிவி நிகழ்ச்சியில, பதினஞ்சு வயசுதான் இருக்கும், அந்த நிமிஷத்துக்குத் தன் மேலயும் உலகத்து மேலயும் முழு நம்பிக்கையோட நிக்குறா, இவ மாதிரி உலகத்துலயே ஒண்ணு கிடையாதுங்குற அர்த்தத்துல பேசியிருக்கார். அதே வாயாலதான் முகம் பலூச்சி ஜாடைன்னும் சொன்னார்.

இங்கதான் உங்க மூணாவது கேள்வி வருது. அவர் பலூச்சின்னார், வேற சிலர் ஆதிவாசி முகம்னாங்க, இன்னும் சிலர் ஆப்பிரிக்கச் சாயல்னாங்க, நம்ம ஆளுங்க "பாரு, திராவிட முகம், நம்ம பொண்ணு"ங்குறாங்க. ஒரு முகத்துல இத்தனை பேர் இத்தனை இனத்தைப் பாத்தா அதுல எதுவும் எழுதலன்னுதான் அர்த்தம். உதட்டையும் மூக்கையும் வச்சு மொழி சொல்ல முடியாதுங்க, அது நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரப் பழக்கம், அவங்களே விட்டுட்டாங்க, நாம ஏன் எடுத்து மாட்டிக்கணும். சிந்து எழுத்து திராவிட மொழியா இருக்கலாம்னு ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்போலா மாதிரி பெரிய ஆட்கள் வாழ்நாள் முழுக்க உழைச்சுச் சொல்லியிருக்காங்க, அது மதிக்க வேண்டிய வாதம், ஆனா எல்லாரும் ஏத்துக்குற மாதிரி இன்னும் யாரும் படிச்சுக் காட்டல, அதுக்குத்தான் 2025 ஜனவரியில தமிழக அரசு பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிச்சுது. ஹரியானாவுல ராக்கிகடிங்குற சிந்து நாகரிக ஊர்ல கிடைச்ச எலும்புக்கூட்டோட டிஎன்ஏ முடிவு 2019ல வந்துச்சு, ஒரு பெண்ணோடது, அதுல ஸ்டெப்பி, அதாவது மத்திய ஆசியப் பக்கத்துப் புல்வெளி மக்களோட வம்சாவளி இல்ல, பழைய ஈரான் பக்கத்து மக்களோட உறவுள்ள வம்சமும் தெற்காசிய ஆதி வேட்டையாடிகளோட வம்சமும் கலந்திருக்கு. அந்தக் கலவை இன்னைக்குத் தமிழன்கிட்டயும் இருக்கு, பஞ்சாபிகிட்டயும் இருக்கு, சிந்திகிட்டயும் இருக்கு. தமிழ்ப் பொண்ணான்னா தெரியாது, சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லிக்க ஒருத்தரும் தடை சொல்ல முடியாது.

இந்தச் சொந்தம் கொண்டாடுற போட்டி நம்மகிட்ட மட்டும் இல்ல. 2016ல இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தோட ஹிந்தி இதழ்ல இவ பார்வதின்னு ஒரு கட்டுரை வந்து பெரிய விவாதம் ஆச்சு. அதே வருஷம் லாகூர் உயர்நீதிமன்றத்துல ஒரு வக்கீல், சிலை எங்களோடது, இந்தியாகிட்ட இருந்து திரும்ப வாங்கணும்னு மனு போட்டார். அதோட பின்னணி என்னன்னா, பிரிவினை சமயத்துல மொகஞ்சதாரோ பொருட்கள்ல நிறைய டெல்லியில இருந்துச்சு, நாட்டைப் பிரிச்ச மாதிரி அதையும் பாதி பாதியா பிரிக்கணும்னு முடிவாச்சு. கொடுமை என்னன்னா சில மணி மாலைகளை முழுசா ஒரு பக்கம் குடுக்காம, கோர்வையை அவிழ்த்து மணிகளை ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டாங்க, நாலாயிரம் வருஷ மாலை, ரெண்டு நாட்டு மியூசியத்துல ரெண்டு துண்டா கிடக்கு. இவளை மட்டும் பாதியாக்க முடியல, இந்தியாவுக்கு வந்துட்டா. தாடி வச்ச, பூ வேலை போட்ட துணி போர்த்துன பூசாரி அரசன்னு சொல்வாங்களே, அந்த 17.5 செ.மீ மாக்கல் சிலை, அது கராச்சியில. 1972 சிம்லா ஒப்பந்தம் சமயத்துல பாகிஸ்தான் அதிபர் புட்டோ ரெண்டையும் கேட்டதாகவும், இந்திரா காந்தி ஒண்ணு எடுத்துக்கோங்கன்னு சொன்னதாகவும் ஒரு கதை சுத்துது, கேக்க நல்லாத்தான் இருக்கு, கதைன்னே வச்சுக்கோங்க.

2023 மே மாசம் டெல்லி பிரகதி மைதான்ல சர்வதேச மியூசியம் கண்காட்சி நடந்தப்ப இவளைத்தான் சின்னமா வச்சாங்க, ஆளுயர பொம்மை, கர்நாடகாவோட சன்னபட்டணா மரப்பொம்மை பாணியில, நிறத்தை வெளுப்பாக்கி, பளிச்சுனு உடுப்பும் போட்டு விட்டுட்டாங்க. எதிர்ப்பு வந்ததும் அமைச்சகம் இது துவாரபாலகர் மாதிரி இந்தக் காலத்துக்கு ஏத்த வடிவம்னு விளக்கம் சொல்லுச்சு. சன்னபட்டணா கைவினைஞர்கள் மேல ஒரு குறையும் இல்ல, ஆர்டர் குடுத்ததைச் செஞ்சாங்க. ஆனா கருகருன்னு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு, துணியைப் பத்திக் கவலையே படாம நாலாயிரத்தைந்நூறு வருஷம் நின்னவளுக்கு வெள்ளை அடிச்சு ட்ரெஸ் மாட்டணும்னு ஒரு கூட்டத்துல உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க பாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

நேர்ல பாக்கப் போறீங்கன்னா ரெண்டு டிப்ஸ். முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு ஓடி வந்துடாதீங்க, கண்ணாடிப் பெட்டியைச் சுத்திப் போய் பின்பக்கம் பாருங்க, கொண்டையோட சுருளும் முதுகு வளைவும் ஃபோட்டோவுல வர்றதே இல்ல. குனிஞ்சு அவ கண்ணு மட்டத்துக்கு வந்து பாருங்க, நின்னுக்கிட்டு மேல இருந்து பாத்தா அந்தத் தூக்குன தாடையே தெரியாது. திங்கக்கிழமை மியூசியம் லீவு, அதை முதல்ல செக் பண்ணிக்கோங்க.